பூட்டு உடையவில்லை, ரூ.94 கோடி மாயம்!

2018-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. நாடு முழுவதும் பாங்கிகளுக்கு விடுமுறை.

புனே நகரில் கணேஷ்கிண்ட் ரோட்டில் இருக்கும் காஸ்மாஸ் கூட்டுறவு பாங்கியின் தலைமை அலுவலகத்துக்கும் அன்று விடுமுறைதான். 1906-ல் தொடங்கிய பழைய பாங்கி அது. சிறு வியாபாரிகளும் மாதச் சம்பளக்காரர்களும் நம்பிப் பணம் போட்டு வைக்கும் இடம்.

அன்று அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. சுவரில் கன்னம் வைக்கவில்லை. துப்பாக்கியைக் காட்டி மிரட்டவில்லை. இரும்புப் பெட்டியில் இருந்த நோட்டுக் கட்டு ஒன்றுகூட இடம் மாறவில்லை.

ஆனால் அன்று பொழுது முடிவதற்குள் அந்தப் பாங்கியின் பணம் ரூ.80 கோடிக்கு மேல் போய்விட்டது. திங்கட்கிழமை பாங்கி திறந்த பிறகு இன்னும் ஒரு ரூ.13.92 கோடி ஹாங்காங்கில் உள்ள ஒரு கணக்குக்குப் போனது. ஆக மொத்தம் ரூ.94 கோடியே 42 லட்சம்!

கம்ப்யூட்டர் வழியாக நடந்த கொள்ளை இது. "சைபர் பாதுகாப்பு" என்று இப்போது எங்கு பார்த்தாலும் பேசுகிறார்களே, அது என்ன, அது நம்மைப் போன்றவர்களை எப்படித் தொடுகிறது என்பதை இந்த ஒரு வழக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

28 நாடுகளில் ஒரே நாளில்

ஏ.டி.எம். எந்திரத்தில் கார்டைச் செருகி ரூ.5 ஆயிரம் கேட்கிறோம். நம் கணக்கில் பணம் இருக்கிறதா, இல்லையா என்று அந்த எந்திரத்துக்குத் தெரியாது. அது "ஸ்விட்ச்" என்று சொல்லப்படும் ஒரு கம்ப்யூட்டரைக் கேட்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் பாங்கியின் பேரேட்டைப் பார்க்கிறது. "இருக்கிறது, கொடு" என்று பதில் வந்ததும் எந்திரம் நோட்டை எண்ணித் தள்ளுகிறது. எல்லாம் சில விநாடியில் முடிந்துவிடுகிறது.

கொள்ளையர்கள் கை வைத்தது இந்த இடத்தில்தான். பாங்கியின் கம்ப்யூட்டருக்குள் கெட்ட புரோகிராம் ஒன்றை முன்கூட்டியே நுழைத்தார்கள். உண்மையான ஸ்விட்சுக்குப் பதிலாகப் பொய்யான ஒன்று பதில் சொல்லும்படி செய்தார்கள். அதன் பிறகு வந்த கேள்விகள் பாங்கியின் பேரேட்டுக்குப் போகவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "இருக்கிறது, கொடு" என்றே பதில் போனது.

ரெயில்வேயில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒற்றைப் பாதையில் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் "லைன் கிளியர்" கொடுத்தால்தான் வண்டி புறப்படலாம். பழைய முறையில் டிரைவர் கையில் டோக்கனும் இருக்க வேண்டும். நடுவழியில் ஒருவன் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் குரலில், வருகிற வண்டிக்கெல்லாம் "லைன் கிளியர்" கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் புனேயில் நடந்தது.

திருடிய கார்டு விவரங்களை வெற்றுக் கார்டுகளின் காந்தப் பட்டையில் ஏற்றி, பல நாடுகளில் கூலிக்கு ஆள் பிடித்து, அவர்கள் கையில் கொடுத்திருந்தார்கள். குறித்த நேரத்தில் 28 நாடுகளில் அந்த ஆட்கள் ஏ.டி.எம். வாசலில் நின்றார்கள். இந்தியாவுக்குள்ளும் சில ஊர்களில் நின்றார்கள். வெளிநாடுகளில் ரூ.78 கோடி அளவுக்கும், இங்கே சுமார் ரூ.2½ கோடியும் எடுக்கப்பட்டது. மொத்தம் 14 ஆயிரம் தடவைக்கு மேல் பணம் எடுத்திருக்கிறார்கள்.

இதற்குப் பின்னால் இருந்தது யார்? வட கொரியாவின் தொடர்புடைய தாக்குதல்களின் பட்டியலில் இந்தக் கொள்ளையையும் சேர்த்து, ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு சபையின் நிபுணர் குழு 2019-ல் அறிக்கை கொடுத்தது. எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவர்கள், புனேயில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை 28 நாட்டுத் தெருக்களில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

காலண்டரைப் பார்த்துத் திருடுகிறார்கள்

இரண்டாவது சனிக்கிழமையை அவர்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. இதற்கு முன்பே ஓர் உதாரணம் இருக்கிறது.

2016-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி, வியாழக்கிழமை இரவு. வங்காளதேசத்தின் மத்திய பாங்கி அமெரிக்காவில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் பாங்கியில் வைத்திருந்த பணத்தை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் போயின. எல்லாம் பொய் உத்தரவுகள். கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர்!

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்காவில் வார விடுமுறை. அங்கே விஷயம் புரிந்து நியூயார்க்கைக் கூப்பிட முயன்றபோது நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த மணிலாவிலோ திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாட்டுக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் குறித்திருக்கிறார்கள்.

டாக்கா பாங்கியில் வெளிநாட்டுப் பரிமாற்றச் செய்திகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்று உண்டு. அது அன்று வேலை செய்யவில்லை. "வழக்கமான கோளாறுதானே" என்று ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். அந்தப் பிரிண்டர் பேசியிருந்தால் திருட்டு அன்றே தெரிந்திருக்கும். அது பேசக் கூடாது என்பதற்காகவே அதன் வாயைக் கட்டியிருந்தார்கள்.

35 உத்தரவுகளில் 5 நிறைவேறிவிட்டன. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகள் வழியாக மறைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மட்டும் தப்பியது. அது எப்படி? பணம் பெறும் நிறுவனத்தின் பெயரில் "பவுண்டேஷன்" என்ற சொல்லைக் கொள்ளையர்கள் தப்பாக எழுதியிருந்தார்கள். வழியில் ஒரு பாங்கியில் அந்த எழுத்துப் பிழை கண்ணில் பட்டது. "இது சரிதானா?" என்று கேட்டு எழுதினார்கள். அந்த ஒரு கேள்வி 2 கோடி டாலரைக் காப்பாற்றியது.

கும்பகோணத்தில் நின்ற பிரிண்டர்

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தந்திரம் தமிழ்நாட்டுக்கு வந்தது.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பாங்கியில் 2018 பிப்ரவரி 6-ந் தேதி, வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கான பிரிண்டர் நின்றுபோனது. மறுநாள் காலை, கணக்கைச் சரிபார்க்கும் வேலையில் ஊழியர்கள் இறங்கினார்கள். பாங்கி அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் வெளியே போயிருப்பது தெரிந்தது. ஒன்று துபாய்க்கு 5 லட்சம் டாலர். இரண்டாவது துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. மூன்றாவது சீனாவுக்கு 10 லட்சம் டாலர்.

உடனே அந்தந்த நாட்டுப் பாங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குப் போன பணம் நடுவிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பிவிட்டது. மற்ற இரண்டையும் முடக்க முயற்சி நடந்தது. ஒரே நாளில் கண்டுபிடித்ததால்தான் இதுவாவது முடிந்தது.

ஆபீசில் கணக்கு எழுதும் குமாஸ்தாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்றாடக் கணக்கை அன்றாடம் ஒத்துப் பார்ப்பது சலிப்பான வேலை. மேலதிகாரியின் பாராட்டு கிடைக்காத வேலை. ஆனால் கும்பகோணத்தில் திருட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தச் சலிப்பான வேலைதான்.

மாட்டிக்கொண்டது யார்?

புனே வழக்குக்குத் திரும்புவோம்.

போலீசார் விசாரணை நடத்திப் பலரைக் கைது செய்தார்கள். 2023 ஏப்ரலில் புனே கோர்ட்டு 11 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து ஜெயில் தண்டனை விதித்தது. ஹாங்காங் போன பணத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

அந்த 11 பேர் யார்? கெட்ட புரோகிராமை எழுதிய கம்ப்யூட்டர் மேதைகள் அல்ல. கோலாப்பூர் முதலான ஊர்களில் போலிக் கார்டை வைத்துப் பணம் எடுக்கும் வேலையில் சம்பந்தப்பட்டவர்கள். ஏ.டி.எம். காமிராவில் முகம் பதிந்தவர்கள். திட்டம் போட்டவன் கடல் கடந்து இருக்கிறான். கூலிக்குக் கை நீட்டியவன் கையில்தான் விலங்கு ஏறியது.

பிழைப்பைத் தேடி வெளிமாநிலம் வந்திருக்கும் நம் ஆட்கள் மறக்கக் கூடாத பாடம் இது. இப்போது இந்த வலை வேறு உருவத்தில் விரிக்கப்படுகிறது.

"உன் பேரில் ஒரு பாங்கிக் கணக்கு திறந்து கொடு. பாஸ் புக்கும் ஏ.டி.எம். கார்டும் சிம் கார்டும் என்னிடம் இருக்கட்டும். மாதம் ஒரு தொகை தருகிறேன்" என்று டீக்கடையில் ஒருவன் பேச்சுக் கொடுப்பான். "கம்பெனிப் பணம் உன் கணக்கில் வரும். எடுத்துக் கொடுத்தால் கமிஷன்" என்று இன்னொருவன் சொல்வான். வேலை இல்லாமல் அறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு இது லட்டு மாதிரி தோன்றும்.

வரும் பணம் எங்கோ ஒரு விதவைத் தாயின் பென்ஷனாக இருக்கலாம். யாரோ ஒருவரின் மகள் கல்யாணப் பணமாக இருக்கலாம். பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் செய்ததும் போலீசார் முதலில் தேடுவது பணம் போய்ச் சேர்ந்த கணக்கைத்தான். அந்தக் கணக்கில் இருக்கும் பெயர், போட்டோ, ஆதார் நம்பர் எல்லாம் கணக்கை வாடகைக்குக் கொடுத்தவருடையது. "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்றால் எடுபடாது. கமிஷன் வாங்கியிருக்கிறாரே!

ஆதார் நகலைக் கண்ட இடத்தில் விட்டுவருவதும் ஆபத்துதான். நகல் கொடுக்க நேர்ந்தால், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடலாம். தன் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று பார்க்க, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை "சஞ்சார் சாத்தி" என்ற இணையதளத்தில் வசதி செய்திருக்கிறது. நாம் வாங்காத நம்பர் அதில் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

துறைமுகமும் ஆஸ்பத்திரியும்

பாங்கிகளுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம்.

2017 ஜூன் 27-ந் தேதி உக்ரைன் நாட்டில் ஒரு கணக்கு எழுதும் சாப்ட்வேர் வழியாகக் கெட்ட புரோகிராம் ஒன்று பரவியது. அதைக் கிளப்பிவிட்டவர்களின் குறி உக்ரைன்தான். ஆனால் காட்டில் வைத்த தீ வரப்போடு நிற்குமா? அங்கே அலுவலகம் வைத்திருந்த மேர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுவதும் படுத்துவிட்டன. அந்தக் கம்பெனிக் குழுமம் நடத்தும் டெர்மினல் ஒன்று மும்பைக்கு அருகே ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் இருக்கிறது. அங்கேயும் வேலை முடங்கியது.

எந்தக் கண்டெய்னர் எந்த லாரிக்கு, எந்தக் கப்பலுக்கு என்று சொல்வது கம்ப்யூட்டர். அது பேசாவிட்டால் கிரேன் நிற்கிறது. கிரேன் நின்றால் லாரி நிற்கிறது. லாரி நின்றால் டிரைவருக்கும் கிளீனருக்கும், கிளியரிங் ஆபீஸ் பையனுக்கும் அன்றைய படி போச்சு. உக்ரைனுக்கும் நவா சேவாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு தாக்குதலில் மேர்ஸ்க் கம்பெனிக்கு 25 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

2022 நவம்பர் 23-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அடி விழுந்தது. அங்கே 5 செர்வர்கள் தாக்கப்பட்டன. அவற்றில் இருந்த விவரங்களைப் படிக்க முடியாதபடி சங்கேத மொழியில் பூட்டிவிட்டார்கள். இப்படிப் பூட்டிவிட்டு, "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்று மிரட்டுவது இந்த ஆசாமிகளின் வழக்கம்.

நாட்டின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்கும் ஏழை நோயாளிகளுக்குச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, படுக்கை ஒதுக்கீடு எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டி வந்தது. கம்ப்யூட்டர் சேவை படிப்படியாகச் சீராக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது.

அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 2000-ம் ஆண்டிலேயே தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுகிறவனுக்கு அந்தச் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. கம்ப்யூட்டர் அவசரங்களைக் கவனிக்க "செர்ட்-இன்" என்ற மத்திய அமைப்பு 2004-ல் ஏற்பட்டது. தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அந்த அமைப்பு 2022-ல் உத்தரவு போட்டது. மானத்துக்குப் பயந்து கம்பெனிகள் விஷயத்தை மூடி மறைத்தால், அதே கெட்ட புரோகிராம் பக்கத்துக் கம்பெனிக்கும் போகும் என்பதே காரணம்.

சின்ன ஆபீஸ்களுக்கும் செய்ய வேண்டியது உண்டு. முக்கியக் கணக்குகளின் பிரதி ஒன்றை எடுத்து, கம்ப்யூட்டரில் இருந்து வயரைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். "முதலாளி அனுப்பியது" போல வரும் மெயிலில், "பணத்தை இந்தப் புதுக் கணக்குக்கு உடனே அனுப்பு" என்று இருந்தால், தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுப்பக் கூடாது. கேட்டதற்காகக் கோபிக்கிற முதலாளியைவிட, கேட்காததற்காக அழுகிற முதலாளிகள்தான் அதிகம்.

சட்டைப்பையில் ஒரு பாங்கி

முன்பெல்லாம் ஊருக்குப் பணம் அனுப்ப மணியார்டர் பாரம் எழுத வேண்டும். தபால் ஆபீஸ் வரிசையில் நிற்க வேண்டும். 2016-ல் யு.பி.ஐ. முறை வந்த பிறகு, தாராவியில் பட்டறையில் நின்றபடியே திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவின் கணக்குக்கு அரை நிமிஷத்தில் பணம் போகிறது. பெரிய சவுகரியம். ஆனால் பாங்கியே சட்டைப்பைக்குள் வந்துவிட்டது என்றால், அதன் காவல்காரன் வேலையும் சட்டைக்காரருடையதுதான்.

நாடு முழுவதும் 2024-ல் மட்டும் இத்தகைய மோசடிகளில் பொதுமக்கள் இழந்த தொகை சுமார் ரூ.22,845 கோடி என்று பாராளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இது ரூ.7,465 கோடியாக இருந்தது. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

மோசடிக்காரனின் முதல் ஆயுதம் அவசரம். "இன்று இரவு கரண்ட் கட்", "கே.ஒய்.சி. முடியவில்லை, கணக்கு மூடப்படும்" என்று செய்தி வரும். அதில் உள்ள நம்பருக்குப் போன் செய்தால், ஒரு "ஆப்" இறக்கச் சொல்வான். அதை இறக்கியதும் நம் செல்போன் திரை அவன் கண்ணுக்குத் தெரியும். நாம் தட்டும் ரகசிய எண்ணையும் அவன் பார்ப்பான்.

இரண்டாவது ஆயுதம் ஆசை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது. இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பான். யு.பி.ஐ. பின் நம்பர் பணம் கொடுப்பதற்கானது. வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பழைய கட்டில், மேஜை விற்க விளம்பரம் கொடுத்தவர்கள்கூட இதை அறியாமல் ஏமாந்திருக்கிறார்கள்.

ஓ.டி.பி. என்று வரும் எண்ணும் ரெயில் டிரைவர் கையில் இருக்கும் டோக்கன் மாதிரிதான். டோக்கனைக் கொடுத்தால் வண்டி போய்விடும். பாங்கி மானேஜர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. உண்மையான மானேஜர் கேட்கவும் மாட்டார்.

வீடியோவில் வரும் "போலீஸ்"

மூன்றாவது ஆயுதம் பயம். வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவர்களைக் குறிவைக்க இதுவே மிகவும் வசதி.

இந்தியிலோ, ஆங்கிலத்திலோ அதிகாரமாக ஒரு குரல் வரும். "உன் ஆதார் நம்பரில் ஒரு பார்சல் பிடிபட்டது. உள்ளே போதை மருந்து. உன் மேல் கேஸ்!" என்று ஆரம்பிக்கும். பிறகு வீடியோவில் யூனிபாரத்துடன் ஒருவன் தோன்றுவான். பின்னால் போலீஸ் ஸ்டேஷன் போலவே அலங்காரம். "நீ டிஜிட்டல் அரெஸ்ட் செய்யப்பட்டிருக்கிறாய். காமிராவை விட்டு நகராதே. வீட்டில் யாரிடமும் சொல்லாதே" என்பான். கடைசியில், "பரிசோதனைக்காக உன் பணத்தை ரிசர்வ் பாங்கிக் கணக்குக்கு மாற்று" என்று வந்து நிற்கும்.

பாஷை அரைகுறையாகத் தெரிந்த ஊரில், போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நாக்கு உலர்ந்துபோகிறது. படித்த டாக்டர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள்கூட நாள்கணக்கில் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, சேமிப்பை எல்லாம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் இல்லை" என்று பிரதமரே 2024 அக்டோபர் 27-ந் தேதி வானொலிப் பேச்சில் எச்சரித்தார். எந்தப் போலீசாரும் வீடியோவில் கைது செய்வதில்லை. எந்தக் கோர்ட்டும் போனில் அபராதம் வசூலிப்பதில்லை. "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுமுனையில் ஒரு தமிழர்

இன்னொரு சோகமும் உண்டு. மறுமுனையில் பேசுகிறவர் எல்லாரும் மனமறிந்து மோசடி செய்கிறவர்கள் அல்ல.

"தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம்" என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் பலர் எல்லை தாண்டி மியான்மரில் மியாவடி என்ற பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, உலகம் முழுவதும் உள்ளவர்களை இன்டர்நெட்டில் ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுத்தால் அடி, உதை. 2022 அக்டோபரில் இப்படிச் சிக்கிய 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை மத்திய அரசு அழைத்து வந்தது.

ஏஜெண்டிடம் பணம் கட்டி வெளிநாடு போகத் துடிக்கும் தம்பிமார்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். டூரிஸ்டு விசாவில் வேலைக்குக் கூப்பிடுகிறவன் நல்ல இடத்துக்குக் கூப்பிடவில்லை.

பணம் போய்விட்டால்...

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் கண் அசந்துவிடலாம். அப்போது வெட்கப்பட்டு ஒளித்து வைப்பதுதான் பெரிய நஷ்டம்.

உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். இது மத்திய உள்துறையின் ஏற்பாட்டில் நடக்கும் உதவி எண். நாட்டின் எந்த மாநிலத்தில் இருந்தும் கூப்பிடலாம். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. முதல் கணக்கில் இருந்து நாலு கணக்குக்கு, அங்கிருந்து பத்துக் கணக்குக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். அது ஏ.டி.எம். வழியாக நோட்டாக வெளியே வருவதற்குள் தகவல் போய்விட்டால், நடுவழியிலேயே முடக்க முடியும். கும்பகோணம் பாங்கியின் துபாய்ப் பணம் திரும்பியதும் அப்படித்தானே!

அடுத்து, பாங்கிக்குச் சொல்லிக் கார்டையும் கணக்கையும் முடக்கச் செய்ய வேண்டும். புகார் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும்.

இதில் ஒரு சட்டப் பாதுகாப்பும் உண்டு. ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ந் தேதி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பாங்கியின் மீதும் தப்பில்லை, வாடிக்கையாளர் மீதும் தப்பில்லை, நடுவில் யாரோ செய்த மோசடி என்றால், பாங்கியிடம் இருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமே கூடாது என்று அதில் சொன்னது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் தாங்க வேண்டிய நஷ்டம் அதிகபட்சம் ரூ.10 ஆயிரம் என்றும் வரம்பு கட்டியது. பாங்கியின் மீதே தப்பு என்றால் முழு நஷ்டமும் பாங்கிக்குத்தான்.

ஆனால் நாமே ஓ.டி.பி.யையோ பின் நம்பரையோ கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் நம் தலையில்தான் விழும். புகார் செய்த பிறகும் பணம் போனால் அது பாங்கியின் பொறுப்பு. ஆகவே எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை இருக்கிறது. பாங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களைப் படிக்காமல் தள்ளிவிடக் கூடாது. செல்போன் நம்பரை மாற்றினால் முதலில் பாங்கிக்குப் போய் மாற்ற வேண்டும். எஸ்.எம்.எஸ். வராத கணக்கு, நின்றுபோன பிரிண்டர் மாதிரி. திருட்டு நடந்தாலும் சத்தம் வராது.

புனே பாங்கிக்கு அன்று விடுமுறை. கொள்ளையனுக்கு விடுமுறை இல்லை. 1930 என்ற நம்பரை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, செல்போனில் பணம் வாங்கும் அம்மா, அப்பா வீட்டுச் சுவரிலும் எழுதிவிட்டு வாருங்கள். "யார் போன் செய்தாலும், போலீஸ் என்று சொன்னாலும், வைத்துவிட்டு முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.